நெஞ்சு பார்க்கிற சைக்கிள்

இந்தக் காலத்துச் சனத்துக்கு மனிதன் சொல்கிற சொல் காணாது. காய்ச்சல் என்று படுத்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஆள் இல்லை, கண்ணாடிக் குச்சியைத் தேடி ஓடுகிறார்கள். களைக்கிறது என்று சொன்னால் எவ்வளவு களைக்கிறது என்று கேட்கிறார்கள். களைப்பை என்ன, கொத்துப் பேணியாலா அளப்பது? பிள்ளை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று ஒருத்தன் சொன்னால், "ரேடியோவிலை சொன்னவங்களோ?" என்பதுதான் முதல் கேள்வி. ரேடியோ சொல்லாவிட்டால் அவன் போகவும் இல்லை, வரவும் இல்லை, பிறக்கவும் இல்லை.

நான் முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தவன். மனைவி செத்துப் பல வருடம். மகள் கலிஸ்ரா கலியாணம் கட்டித் துணுக்காய்ப் பக்கம் போய்விட்டாள். கரையில் நானும் இளையவன் அனிஸ்ரனும் ஒரு வள்ளமும். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள் கரைவலை இழுக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்கினது மாதிரி இருந்தது. மணலில் முகம் குப்புற விழுந்தேன். அனிஸ்ரன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். கொழும்புக்குப் போனால் மெசினில் பார்த்துச் சரியாகச் சொல்லலாம் என்றார். கொழும்புக்குப் போக வவுனியாவில் ஆமிக்காரரிடம் பாஸ் எடுக்க வேண்டும். கேட்டோம், கிடைக்கவில்லை. பிறகு டொக்டர் சொன்னார்: "நெஞ்சைச் சும்மா வைச்சிருந்தாலும் கூடாது, அடிச்சு வேலை வாங்கினாலும் கூடாது ஐயா. கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழக்க வேணும். நாடி இந்த அளவுக்கு மேலை போக விடாதேங்கோ."

"எப்ப கடலுக்குப் போகலாம்?"

"நெஞ்சு பழகட்டும். பாப்பம்."

கடலுக்குப் போகாவிட்டால் எனக்கு உயிர் போய்விடாது. ஆனால் அனிஸ்ரன் தனியே போகிறான் என்பதுதான் என் பயம். கூலிக்கு இரண்டு பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போவான். மூன்று பேரிலும் காற்றுத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை. எங்கள் பக்கத்தில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது கரையோரம் கடல் சாதுவாய்த்தான் கிடக்கும். அதை நம்பி வெளியே போனவனைத் திரும்ப விடாது, தள்ளிக்கொண்டே போகும். நான் வள்ளத்தின் பின்பக்கம், பின்னணியத்தில் இருந்து "திருப்படா" என்றால் அனிஸ்ரன் திருப்புவான். சொல்ல ஆள் இல்லாவிட்டால் மீனைப் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். நான் திரும்பவும் அந்தப் பின்னணியத்தில் போய்க் குந்த வேண்டும். நான் பட்ட பாடெல்லாம் அதற்குத்தான்.

மகள் என்னைத் துணுக்காய்க்குக் கொண்டுபோனாள். அவளுடைய கொட்டிலுக்கு அடுத்த கொட்டிலில் சிவராசா என்று ஒருத்தன். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி மெசின்களைத் திருத்திக்கொண்டிருந்தவனாம். இடம்பெயர்ந்து வரும்போது சனம் சட்டி பானை கொண்டுவர, இவன் ஒரு பெட்டி நிறைய உடைந்த சாமான் கொண்டுவந்தவன். என் கதையைக் கலிஸ்ரா அவனிடம் சொல்லிவிட்டாள். மறுநாளே வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தான்.

"அண்ணை, உங்களுக்கு நான் ஒரு சாமான் செய்து தாறன்."

"என்ன சாமான்?"

"சைக்கிள். ஆனா ஓடாது."

"ஓடாத சைக்கிள் என்னட்டையும் கிடக்கு தம்பி."

சிரித்தான். ஆனாலும் செய்தான். பழைய சைக்கிள் ஒன்றின் பின்சில்லைப் பனைமரச் சட்டத்தில் தூக்கி நிறுத்தினான். சில்லில் உரசுகிற மாதிரி ரயர்த் துண்டில் ஒரு கட்டை. அந்தக் கட்டையை இழுக்கவும் விடவும் கசெற் ரேடியோவுக்குள் இருந்த சின்ன மோட்டர். மோட்டருக்குக் கரண்ட் அந்தச் சைக்கிளின் டைனமோவிலிருந்து. கடைசியாக ஒரு உடுப்புக் கொழுவுகிற கிளிப். அதன் ஒரு பக்கத்தில் சின்ன பல்ப், மற்றப் பக்கத்தில் வெளிச்சத்தைப் பார்க்கிற ஏதோ ஒரு பொட்டு. அதைக் காதுச் சோணையில் கொழுவ வேண்டும்.

"இரத்தம் வந்து வந்து போகேக்கை வெளிச்சம் கூடிக் குறையும் அண்ணை. அதைப் பாத்து உங்கட நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்குதெண்டு இது பிடிக்கும். அளவுக்கு மேலை போனா கட்டையை விட்டிடும், மிதி லேசாகும். குறைஞ்சா கட்டையை இறுக்கும். நீங்கள் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை."

"என்ர நெஞ்சு எனக்குச் சொல்லாததை என்ர காது இதுக்குச் சொல்லுமோ?"

"சொல்லும்."

ஏறி மிதித்தேன். கை பிடிக்கிற காண்டிலில் ஒரு சிவப்பு பல்ப் மினுக் மினுக் என்றது. அது என் நெஞ்சாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் அங்கால் போன நேரம் கிளிப்பைக் கழற்றி, பக்கத்தில் கட்டியிருந்த இராசமலரின் ஆட்டின் காதில் கொழுவிவிட்டுச் சில்லைச் சுற்றினேன். பல்ப் அப்போதும் மினுங்கியது, என்னதைவிட வேகமாக. கட்டை தானே விட்டது.

இராசமலர் எங்களுக்கு முன் கொட்டில்காரி. வாய் பெரிது. "என்ன ஐயா, என்ர ஆட்டுக்கும் நெஞ்சு வருத்தமோ?" என்று குசினிக்குள் இருந்து கத்தினாள்.

சிவராசா ஓடிவந்தான். "ஆட்டுக்கும் நெஞ்சு இருக்குத்தானே அண்ணை!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஆட்டுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாத சாமான்."

"எங்களுக்கே சில நேரம் தெரியுறேல்லை" என்றாள் இராசமலர்.

அப்படித்தான் தொடங்கியது. காலையில் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை. மிதித்தேன். வேறு என்ன செய்ய? கடலுக்குப் போக அதுதான் வழி என்று டொக்டரும் சொன்னார், மகளும் சொன்னாள்.

பிறகுதான் ரேடியோ வந்தது. அந்த நாட்களில் வன்னிக்குள் பற்றரி வர ஆமி விடாது. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். எங்கள் கொட்டில்களுக்குள் நல்ல டைனமோ இருந்தது இந்த ஓடாத சைக்கிளில் மட்டும்தான். இராசமலர் தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா எப்பிடியும் மிதிக்கத்தானே போறார். சும்மா காத்திலை போற கரண்ட். உங்கட நெஞ்சுக்கும் நல்லது, எங்கட காதுக்கும் நல்லது."

சிவராசா தலையைச் சொறிந்தான். பிறகு வயர் கொடுத்தான். அன்றிலிருந்து பின்னேரச் செய்திக்குச் சனம் முற்றத்தில் வந்து குந்தியது. நான் சைக்கிளில், அவர்கள் கீழே. சத்தம் குறைந்தால் "மிதியுங்கோ, மிதியுங்கோ" என்பார்கள். நெஞ்சு கூடினால் கட்டை விடும். மிதி லேசாகும். லேசானால் இன்னும் வேகமாக மிதிப்பேன், ரேடியோ நன்றாகப் பேசும், சனம் சந்தோசப்படும். நெஞ்சு இன்னும் கூடும்.

ஒரு நாள் சிவராசா கண்டுவிட்டான். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "அண்ணை, நான் களைச்சா ஆறுறதுக்கெண்டு செய்தனான். நீங்கள் அதை வைச்சு ஓடுறியள்."

"சனம் கேக்குது, மிதிக்கிறன்."

"சரி. ரேடியோ நிண்டாத்தான் இவர் நிப்பார்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இன்னொரு வயரைப் பூட்டினான். அதன் பிறகு நாடி அளவுக்கு மேலே போனால் ரேடியோவுக்குப் போகிற கரண்ட் வெட்டுப்படும். நாடி இறங்கினால்தான் திரும்ப வரும். கிளிப் ஒருவர் காதிலும் இல்லாவிட்டாலும் ரேடியோ பாடாது. ஏனென்றால் நான் கழற்றிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

"செய்தி நடுவிலை வெட்டினா?" என்று சனம் சண்டைக்கு வந்தது.

"அப்ப அவரைக் கலைக்காமல் இருங்கோ" என்றான்.

அவன் நினைத்த மாதிரியே நடந்தது என்று சொல்லத்தான் வேண்டும். சனம் வாயை மூடிக்கொண்டது. செய்தி நேரம் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சிவப்பு பல்ப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது வேகமாக மினுங்கினால் இராசமலர் சுளகால் எனக்கு விசிறுவாள். "ஆறுதலா ஐயா, ஆறுதலா. இப்பதான் முக்கியமான இடம்." என்னுடைய நெஞ்சைப் பற்றி என் மனைவிகூட அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

நான்கைந்து மாதத்தில் டொக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வாற மாதம் கரைக்குப் போகலாம். கயிறு பிடிக்க வேண்டாம். வள்ளத்திலை குந்தியிருந்து கதைக்கலாம்." எனக்கு அது போதும். கதைக்கத்தான் நான் கேட்டது. கரைக்குப் போன ஒருத்தனிடம் அனிஸ்ரனுக்குச் சொல்லி அனுப்பினேன்: கச்சான் ஓயுமட்டும் வெளியே போகாதே, நான் வாறன்.

அந்தச் சொல் அவனுக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

மூக்கன் என்று எங்கள் கரை ஆள். கருவாடு ஏற்றிக்கொண்டு உழவு மெசினில் துணுக்காய்ப் பக்கம் வருவான். ஒரு மத்தியானம் வந்தவன் கருவாட்டை இறக்காமல் நேரே என்னிடம் வந்தான். கையில் தொப்பி.

"சம்மாட்டியார், அனிஸ்ரன்ர வள்ளம் கரைக்கு வரேல்லை."

"எப்பயிருந்து?"

"முந்தநாள் விடியப் போனது. கச்சான் பலத்துப்போச்சு. தேடிப் போக எங்களிட்டை எண்ணெய் இல்லை."

கலிஸ்ரா குளறத் தொடங்கினாள்.  கச்சான் எங்கே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். கிழக்கே. அங்காலே பெரிய கப்பல் ஓடுகிற இடம். கப்பல்காரன் கண்டால் தூக்குவான். காணாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

"கப்பல் தூக்கினா ரேடியோவிலை சொல்லுவாங்கள்" என்றான் மூக்கன்.

பின்னேரம் முற்றத்தில் நிற்க இடமில்லை. அடுத்த பக்கத்துக் கொட்டில் சனமும் வந்துவிட்டது. மருமகன் றஜித் என் கையைப் பிடித்தான். "மாமா, இண்டைக்கு நான் மிதிக்கிறன். நீங்கள் கதிரையிலை இருங்கோ."

"ஓம் அண்ணை, அவன் மிதிக்கட்டும்" என்றான் சிவராசா.

றஜித் மிதித்தால் ஒரு நேரம் வேகம், ஒரு நேரம் மெது. ரேடியோ இரைந்துகொண்டே இருக்கும், அரைவாசி விளங்காது. நான் வலை இழுத்து இழுத்து ஒரே சீராய் மிதிக்கப் பழகியவன். "என்ர பிள்ளையின்ர செய்தி. நான்தான் மிதிப்பன்" என்று ஏறினேன். கிளிப்பை நானே காதில் கொழுவினேன்.

முதலில் சண்டைச் செய்தி. பிறகு அரசாங்கத்தில் யாரோ எங்கேயோ போனது. பல்ப் ஒழுங்காய் மினுங்கியது. இராசமலர் விசிறிக்கொண்டு நின்றாள். மிதியும் ஒரே சீர். கால் என்னுடைய சொல் கேட்டது.

அப்போது ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண் வாசித்தாள்: "முல்லைத்தீவுக்குக் கிழக்கே ஆழ்கடலில் மீன்பிடி வள்ளமொன்று கவிழ்ந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அதில் சென்ற மூன்று மீனவர்களும்..."

ரேடியோ நின்றது.

நான் மிதிக்கிறதை நிறுத்தவில்லை. வேகமாகவும் மிதிக்கவில்லை. காலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் சிவப்பு பல்ப் மினுங்குகிறதா எரிகிறதா என்று தெரியாத மாதிரிப் போய்விட்டது. மிதி லேசாகிக் காற்றில் மிதிக்கிறது மாதிரி இருந்தது.

"அண்ணை, நெஞ்சு! மெதுவா மெதுவா! மூச்சை இழுத்து விடுங்கோ!" சிவராசா கத்தினான்.

நான் மூச்சை இழுத்தேன். கண்ணை மூடினேன். அடங்கு, அடங்கு என்று நெஞ்சுக்குச் சொன்னேன். கடலில் எத்தனை தரம் பயந்தவன் நான், கை நடுங்க விட்டதில்லை. கை சொன்னபடி கேட்டது. நெஞ்சு கேட்கவில்லை. அவளின் குரல் எங்கேயோ வாசித்துக்கொண்டு போகிறது, என் பிள்ளையின் பேரைச் சொல்கிறாளோ என்னவோ, எனக்கும் அதற்கும் நடுவில் என்னுடைய சொந்த நெஞ்சு நின்று மறிக்கிறது.

"கிளிப்பைக் கழட்டுங்கோ! கழட்டி எனக்குக் கொழுவுங்கோ!" றஜித் என் காதில் இருந்து பிடுங்கித் தன் காதில் கொழுவினான். நான் மிதித்துக்கொண்டேயிருந்தேன். பல்ப் அதே வேகத்தில் அடித்தது. ரேடியோ பாடவில்லை. கலிஸ்ராவின் காதில் கொழுவினார்கள். அழுதுகொண்டு நின்ற பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மூக்கனுக்குக் கொழுவினார்கள். இராசமலர் சுளகை எறிந்துவிட்டுத் தன் காதைக் கொடுத்தாள். ஒருத்தருக்கும் சரிவரவில்லை. அந்த முற்றத்தில் அந்த நேரம் ஆறுதலாய் அடித்த நெஞ்சு ஒன்றும் இல்லை.

சிவராசா நிலத்தில் முழங்காலில் குந்தி டைனமோ வயரைப் பிடுங்கி நேரே ரேடியோவில் பூட்டினான். வயர் இரண்டு தரம் வழுக்கியது. ரேடியோ திரும்பப் பேசியபோது நாளைக்கு எந்தெந்த இடத்தில் மழை பெய்யும் என்று சொன்னாள்.

சனம் மழைச் செய்தி முடியுமட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொருத்தராய் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "காப்பாத்தியாச்சு எண்டுதான் வந்திருக்கும்" என்றாள் இராசமலர். அவளுக்குக்கூட அவள் சொன்னதில் நம்பிக்கை இல்லை.

றஜித் வேறு சைக்கிளை எடுத்துக்கொண்டு செய்தி கேட்டவர்களைத் தேடிப் போனான். சந்திக் கடையில் ஒருத்தர் சொன்னாராம், மூன்று பேரையும் ஒரு கப்பல் ஏற்றித் திருகோணமலைப் பக்கம் கொண்டுபோனது என்று. அதற்கங்கால் இருந்த வாசிகசாலையில் இன்னொருத்தர் சொன்னாராம், மூன்று பேரையும் காணவில்லை, வள்ளம் மட்டும்தான் என்று. இரண்டு பேரும் தாங்கள் வடிவாகக் கேட்டது என்று சத்தியம் பண்ணினார்களாம்.

அடுத்த பின்னேரம் றஜித் மிதித்தான். அதற்கடுத்த பின்னேரமும். ரேடியோக்காரர் அதைத் திரும்ப வாசிக்கவில்லை. மூன்று மீன்பிடிகாரரைப் பற்றி இரண்டு தரம் வாசிக்க அவர்களுக்கு என்ன வந்தது?

நான் மூக்கனின் உழவு மெசினில் ஏறிக் கரைக்குப் போனேன். கரையிலும் இரண்டு கதைதான். செஞ்சிலுவைக்காரருக்கு எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. வள்ளம் கிடந்த இடத்தில் மணல் மூடியிருந்தது. எங்கள் கோயில் குருவானவர், சுவாமி, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"ஞானப்பிரகாசம், என்ன பூசை வைப்பம்? திரும்பி வர அந்தோனியாருக்கு வேண்டுதல் வைப்பமா, ஆத்துமத்துக்குப் பூசை வைப்பமா?"

எங்கள் கரையில் கடலுக்குப் போய் வராதவனுக்கு இரண்டில் ஒன்று வைக்க வேண்டும். வேண்டுதல் வைத்தால் வீட்டுக்காரர் கறுப்பு உடுக்கக் கூடாது, வாசல் கதவைச் சாத்தக் கூடாது. ஆத்துமப் பூசை வைத்தால் அவன் வலையையும் உடுப்பையும் ஆருக்காவது கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்த ஆள் கிடையாது. சுவாமி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் என்னிடம் இல்லை. அந்த ரேடியோப் பெண்ணிடம் இருந்தது, அவள் வாசித்துவிட்டுப் போய்விட்டாள்.

"பிறகு சொல்லுறன் சுவாமி" என்றேன். இன்னும் சொல்லவில்லை. வலை மூக்கனின் கொட்டிலில் கிடக்கிறது.

கரையில் எனக்குச் சோறு காய்ச்ச ஆள் இல்லை. கலிஸ்ரா ஆள்மேல் ஆள் விட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். போனேன். போன அன்றே சிவராசா வந்தான். ஆள் மெலிந்து போயிருந்தான். முற்றத்தில் அந்தச் சைக்கிள் அப்படியே நின்றது. மிதியில் புதிதாக ஏதோ பூட்டியிருந்தான்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ. இது காந்தத் துண்டு. கால் எவ்வளவு சுத்துதெண்டும் இப்ப இது பாக்கும். காலும் கூடி நெஞ்சும் கூடினாத்தான் வெட்டும். கால் கூடாமல் நெஞ்சு மட்டும் கூடினா விட்டிடும்."

"அப்ப நெஞ்சு ஏன் கூடுதெண்டு அதுக்குத் தெரியுமோ?"

காந்தத் துண்டை விரலால் தடவினான். "அது தெரியாது அண்ணை. ஆனா களைப்பாலை இல்லையெண்டு தெரியும்."

"அதை நீ என்னட்டைக் கேட்டிருந்தா நான் அண்டைக்கே சொல்லியிருப்பன்."

"நீங்கள் சொல்லுறதை மெசின் எப்பிடியண்ணை கேக்கிறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

இராசமலர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு அதே இடத்தில் கட்டியிருந்தது. சிவராசா கிளிப்பைத் துடைத்து என்னிடம் நீட்டினான். "டொக்டர் விடவேண்டாமெண்டவர். ஒரு கிழமை விட்டாலும் நெஞ்சு பழசுக்குப் போயிடும். உங்கட உயிருக்குத்தான் சொல்லுறன்."

அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்த உயிர் எதற்கு? பின்னணியத்தில் குந்த எனக்கு வள்ளம் இல்லை. "திருப்படா" என்று சொல்ல ஆளும் இல்லை. இருக்கிறானோ, அதுவும் தெரியாது.

கிளிப்பை வாங்கிச் சீற்றின் மேல் வைத்தேன். துவாயை உதறித் தோளில் போட்டேன்.

"எங்கை அப்பா போறியள்?" கலிஸ்ரா குசினியிலிருந்து கேட்டாள்.

"சந்திக்கு."

"அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது!"

சந்திக் கடையில் அன்றைக்குச் செய்தி கேட்டவன் கடைக்காரன்தான். கரைக்குப் போக முதல் நானும் அவனிடம் போய்க் கேட்டிருக்கிறேன். இன்னொரு தரம் கேட்டால் வேறு மாதிரிச் சொன்னாலும் சொல்வான். படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். பின்னால் சில்லு சுற்றுகிற சத்தம் கேட்டது, சிவராசாதான் ஏறி மிதித்துப் பார்க்கிறான் போலிருக்கிறது. "அண்ணை, இப்ப சரியா வேலை செய்யுது! வந்து பாருங்கோ!" என்று கூப்பிட்டான்.

செய்யட்டும். நெஞ்சு அடித்தது. எதற்காக அடிக்கிறது என்று நானும் அதைக் கேட்கவில்லை. நடந்தேன்.